மைதானத்தில் பட்ட காயம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று மாலைப் பயிற்சியில் ரெஜினாவின் பல் உடைந்தது. உடைத்தது என் முழங்கால். வேண்டுமென்று செய்யவில்லை. கபடி பாடி வந்தவள் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் புள்ளி போயிற்று. தொடவிடாமல் இழுக்கிற அவசரத்தில் எதிரே இருப்பது பல்லா தோளா என்று யார் பார்க்கிறார்கள்? ரெஜினா ரத்தத்தைத் துப்பிவிட்டு, "பேச்சிக்கா, பாதிதான் போச்சு, மீதி அங்கனயேதான் இருக்கு" என்று சிரித்தாள். என் அணி அப்படிப்பட்டது.

எஸ்தர் மேடம் விசிலைக் கழற்றி என் முகத்தில் எறிந்தார். "கபடி வெளையாடச் சொன்னா கசாப்புக் கடை நடத்துதியா, மூதி!" பிறகு அவரே ஓடிப்போய் கேன்டீனிலிருந்து ஐஸ் வாங்கி வந்தார். எங்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அவர். கேப்டன் ஆனவள் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பதும் அவர் உத்தரவுதான். யாரும் வாங்கிப் படிக்கமாட்டார்களாம். அதனால் உண்மையை எழுதலாம்.

உண்மை இதுதான்: இந்த மகளிர் கல்லூரியில் மைதானத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். மற்றவர்கள் பி.டி. பீரியட் வந்தால் வாகை மரத்தடியில் உட்கார்ந்து "வயித்த வலிக்கு மேடம்" என்பார்கள். சிலருக்கு மாதம் முழுவதும் வலிக்கும்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு அவித்த முட்டை. மெஸ் அக்கா எப்போதும் ஒன்று கூடுதலாகக் கொடுத்தனுப்புவாள். அந்த ஒன்று, உடம்பில் ஆகப் பெரிய கன்றிய காயத்தைக் காட்டுகிறவளுக்கு. குழாயடியில் எல்லோரும் பனியனைச் சுருட்டி, காலைத் தூக்கிக் காட்டுவோம். பெரியது எது என்று முடிவானதும் நான் "யார் பிடி?" என்று கேட்பேன். அந்தப் பிடியைப் போட்டவள் காயத்தின் மேல் கையை வைத்து "என் பிடி" என்று சொல்ல வேண்டும். சொல்கிறவளுக்கு முட்டை கிடையாது, மரியாதை உண்டு.

இன்று முட்டை ரெஜினாவுக்கு இல்லை. பல் கணக்கில் வராது. கூடுதல் முட்டையைத் தட்டிக்கொண்டு போனவள் ஆவுடை.

ஆகஸ்ட் 6, புதன்

ஆவுடையைப் பற்றி எழுத வேண்டும். இரண்டாம் ஆண்டு விலங்கியல். வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். ஊதினால் பறந்துவிடுவாள் போலிருப்பாள், ஆனால் பாடிப் போனால் நாங்கள் ஏழு பேர் நின்றும் பிடிக்க முடிவதில்லை. கை வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி என்று கேட்டேன். "தெரியல பேச்சிக்கா, தோள் அசையும்போதே தெரிஞ்சிரும்" என்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். செப்டம்பரில் மண்டலப் போட்டி. அவள் இருந்தால் கோப்பை எங்களுக்கு.

ஆகஸ்ட் 11, திங்கள்

மறுபடியும் ஆவுடைக்கே முட்டை. முதுகில், பனியன் விளிம்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். "யார் பிடி?" என்றேன். யாரும் கை வைக்கவில்லை. கடைசியில் நஸ்ரின் கையை வைத்து "என் பிடியாத்தான் இருக்கும்" என்றாள், சந்தேகத்தோடு.

இவளுக்கு ஏன் திங்கட்கிழமைகளில் மட்டும் இவ்வளவு பெரிதாகக் கன்றுகிறது என்று யோசித்தேன். ஞாயிறு ஓய்வில் உடம்பு இளகிப்போகும், அதனால் திங்கள் பிடி ஆழமாக இறங்கும் என்பது என் முடிவு. மேடத்திடம் சொல்லி ஞாயிறும் பயிற்சி வைக்க வேண்டும். பிடித்த அரை மணி நேரத்தில் இப்படிக் கறுத்துப்போவதும் வியப்புதான். எனக்கெல்லாம் இரண்டு நாள் ஆகும். அவள் தோல்வாகு அப்படி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். பிறகு ஆசிரியைகளுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. வரலாற்றுத் துறையும் வணிகவியல் துறையும் ஒருவரையொருவர் பழிவாங்குவதுபோல இழுத்தார்கள். நடுவில் நின்று கைதட்டிய முதல்வரம்மா கயிற்றில் தடுக்கிப் பட்டுப்புடவையோடு உட்கார்ந்துவிட்டார். ஆவுடை சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் குடி என்று சொல்லி அவள் முதுகில் தட்டக் கையை ஓங்கினேன்.

சடாரென்று குனிந்து இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? முதுகுல தட்டத்தான வந்தேன்" என்றேன். நிமிர்ந்து, "சும்மாக்கா, பழக்கம்" என்றாள். போட்டியிலும் இதே வேகத்தில் குனிந்தால் தேவலை.

ஆகஸ்ட் 18, திங்கள்

புஜத்தில் காயம். நாலு விரலும் தனித்தனியாகப் பதிந்திருந்தன. அவ்வளவு சுத்தமான பிடியை இந்தக் கல்லூரியில் என்னைத் தவிர யார் போடுவார்கள்? யாரும் கேட்பதற்கு முன்னால் நானே "என் பிடி" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். உண்மையில் நான் இன்று அவளைப் புஜத்தில் பிடித்த ஞாபகம் இல்லை. ஆனால் பிடித்திருப்பேன்.

ஆவுடை முட்டையை உரித்து, பாதியை என்னிடம் நீட்டினாள். அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. நன்றி சொல்வதுபோலப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி விடுமுறை. ஹாஸ்டலே காலி. நான் ஊருக்குப் போகவில்லை. அம்மா போன் செய்து, "அப்பா ஒன்ன எங்கன்னு கேக்காவ" என்றாள். பயிற்சி இருக்கிறது என்று சொன்னேன். பயிற்சி இல்லை. தனியாக மைதானத்தில் ஓடினேன். அப்பா அடிக்காமல் வளர்த்த பிள்ளை இல்லை நான். அதனால்தான் எனக்குக் களத்தில் எவளிடமும் பயம் கிடையாது. அதற்காக அவருக்கு நன்றிகூடச் சொல்லலாம். போனில்.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

ஆவுடை பயிற்சிக்கு முழுக்கைச் சட்டை போட்டு வந்தாள். கழற்று என்றேன். காய்ச்சல் என்றாள். காய்ச்சல்காரி அப்படிப் பாடமாட்டாள். ஐந்து பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். என்னால் ஒரு முறைகூட அவளைத் தொட முடியவில்லை. ஒரு முறைகூட. இதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது.

குழாயடியில் ரெஜினா விளையாட்டாக அவள் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இழுத்துவிட்டாள். பிடரியில் காயம். எல்லோரும் "ஓ" என்று கூவினார்கள். நான் வழக்கம்போலக் கையை வைத்து "என் பிடி" என்று சொல்லப் போனேன்.

என் விரல்கள் எட்டவில்லை. பெருவிரலை ஒரு கன்றலின் மேல் வைத்தால் மற்ற விரல்கள் அடுத்த கன்றலுக்கு வெகு முன்பே நின்றுவிட்டன. என் கை எங்கள் அணியிலேயே பெரிய கை. நஸ்ரினை வைக்கச் சொன்னேன். ஒருத்தி விடாமல் எல்லோரும் வைத்துப் பார்த்தார்கள். எவளுக்கும் பொருந்தவில்லை. சிரிப்பு ஒவ்வொருத்தியாக நின்றுபோனது. தண்ணீர் மட்டும் குழாயிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது, யாரும் மூடவில்லை.

ஆவுடை காலரைச் சரிசெய்துகொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்று போய்விட்டாள். கூடுதல் முட்டையை யாரும் தொடவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆவுடையை விளையாட்டுப் பொருள் அறைக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினேன். யார் என்றேன். கீழே விழுந்தேன் என்றாள். விழுந்தவளுக்குப் பிடரியில் ஐந்து விரல் எப்படி என்றேன். மறுபடியும் விழுந்தேன் என்றாள். கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

அவள் குனியவில்லை. அறையை அப்படியே வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள், ஏதோ வீட்டுப்பாடம் ஒப்பிப்பதுபோல.

"எங்க அண்ணன். ஞாயித்துக்கெழம கட லீவுல்லா, அன்னைக்கு வீட்ல இருப்பான். டவுசர் போட்டுக்கிட்டு ஊர்ல நாலு ஆம்பள பாக்க உருளுதியான்னு கேப்பான். வேற எதுவும் கெடைக்கலன்னா சோத்துல கல்லு கெடந்துதுன்னு கேப்பான். அப்பா செத்தப்புறம் அவன்தான வீட்டுக்கு எல்லாம்."

"அம்மா?"

"அம்மா கதவச் சாத்திருவா. சத்தம் வெளிய போகக்கூடாதுல்லா."

"எங்ககிட்ட ஏன்டி சொல்லல?"

"நீங்கதான் அது ஒங்க பிடின்னு சொல்லிட்டீகளே. எனக்கு அது வசதியாத்தான் இருந்துச்சு. வெளையாட்டுல பட்டதுன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ."

அவள் கன்னத்தில் என் விரல்கள் சிவந்திருந்தன. அவை பொருந்தும்.

செப்டம்பர் 3, புதன்

ரெஜினா, நஸ்ரின், நான் மூவரும் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அவன் கடைக்குப் போனோம். ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. சுவர் முழுக்கக் காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. பெயர் சிவபெருமாள். மூர்க்கனாக இருப்பான் என்று நினைத்துப் போனேன். திருநீறும் சலவைச் சட்டையுமாக நல்ல பிள்ளைபோல இருந்தான். "ஆவுடை கூடப் படிக்க பிள்ளையளா? உக்காருங்கம்மா, குடிக்கக் கலர் சொல்லுதேன்" என்றான்.

அந்தக் குரல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. பேனர் சட்டம் ஒன்றைக் காலால் உதைத்தேன். அது சரிந்து இங்க் டப்பாவைத் தட்டிவிட்டது. தரையெல்லாம் சிவப்பு. சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன்.

"இன்னொரு தடவ அவ மேல கை வச்சேன்னு தெரிஞ்சுது, ஒன் கால ஒடிச்சிருவேன்."

எதிர்க்கவில்லை. "சரிம்மா. இனி வைக்கல" என்றான். என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தோம். வரும் வழியில் ரெஜினா பாதிப் பல்லோடு விசிலடித்தாள். என் வாழ்நாளிலேயே இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஆவுடை வரவில்லை.

செப்டம்பர் 6, சனி

வரவில்லை. போனை எடுக்கவில்லை. நேற்று விடுமுறை, இன்று பயிற்சி மட்டும். மேடம் கேட்டதற்குத் தெரியாது என்றேன். ஸ்கிப்பிங் கயிற்றால் முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தார். "நீ பொய் சொன்னா ஒன் காது அசையுது."

செப்டம்பர் 8, திங்கள்

ஆவுடை வந்தாள். வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டு. பக்கத்தில் அவள் அம்மா. பின்னால் அவன்.

முதல்வரம்மா அறையில் என்னையும் அணியையும் நிறுத்தினார்கள். அவன் கைகட்டி நின்று, மரியாதையாகப் புகார் சொன்னான். பயிற்சி என்ற பெயரில் கேப்டன் பேச்சியம்மாள் என் தங்கச்சி கையை முறித்துவிட்டாள். ரொம்ப நாளாகவே காயப்படுத்தி வந்திருக்கிறாள். கேட்கப் போனதற்குக் கடைக்கே ஆள் கூட்டிக்கொண்டு வந்து அடித்தாள், சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கடைகளில் விசாரியுங்கள் என்றான்.

"காயப்படுத்தினது உண்டா?" என்று முதல்வரம்மா அணியைக் கேட்டார். நஸ்ரின் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். அதாவது, ஒவ்வொரு வாரமும் ஆவுடை உடம்பில் காயம் இருந்தது, அதை அக்காதான் தன் பிடி என்று சொன்னாள். ரெஜினாவின் பல்லையும் யாரோ காட்டினார்கள். எனக்கெதிரான சாட்சிகளை நானே வாராவாரம் வளர்த்து வைத்திருக்கிறேன்.

"நீ சொல்லும்மா. கைய ஒடிச்சது யாரு?"

ஆவுடை தரையைப் பார்த்தாள். அவன் அவள் தோளில் மெதுவாகக் கை வைத்தான். நான் பார்த்தேன். பெரிய கை.

"பேச்சிக்கா" என்றாள். சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

என் உடம்பில் ரத்தம் முழுவதும் முஷ்டிக்கு வந்தது. இரண்டு எட்டு வைத்தால் அவன் கழுத்து. ஆனால் கடையில் நான் வைத்த இரண்டு எட்டுதான் இந்த மாவுக்கட்டு. இப்போது நான் மறுத்தால் அடுத்த கட்டு எங்கே விழும் என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் அவனோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

"ஆமா, நான்தான்" என்றேன்.

அவள் தலை நிமிர்ந்தது. அவன் முகத்தில்கூட ஒரு கணம் திகைப்பு. என்னை அணியிலிருந்து நீக்கி, இடைநீக்கமும் செய்து, அப்பாவை வரவழைக்கச் சொன்னார் முதல்வரம்மா. அவர் வந்து கூட்டிப்போகும்வரை ஹாஸ்டலை விட்டு நகரக்கூடாதாம்.

அதுவரை சன்னலோரம் வாய் திறக்காமல் நின்ற எஸ்தர் மேடம் முன்னால் வந்தார். "அப்ப இது மைதானத்துல பட்ட காயம். அப்படித்தான தம்பி?"

"ஆமா மேடம்."

"அப்படின்னா கை கூடுற வரைக்கும் பிள்ள எங்க பொறுப்பு. ஹாஸ்டல்ல வச்சு நாங்கதான் பாக்கணும்."

"இல்ல மேடம், வீட்ல வச்சு நாங்க பாத்துக்கிடுதோம்..."

"எப்படி விட முடியும்? நாளைக்குக் கை கோணலா கூடிருச்சுன்னா காலேஜ் மேலல்லா கேஸ் போடுவீங்க!"

கேஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் முதல்வரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிள்ள ஹாஸ்டல்லதான் இருக்கணும்" என்று அப்போதே முடிவு சொல்லிவிட்டார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வீட்டில் பட்ட காயம் என்றா சொல்வான்? வாயை மூடிக்கொண்டான். அவன் அம்மா, அதுவரை யாரையும் பார்க்காதவள், எஸ்தர் மேடத்தின் காலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வெளியே வந்ததும் மேடம் என்னைப் படிக்கட்டுக்குக் கீழே இழுத்துப்போய் அறைந்தார். காது குய்யென்றது. "நீ அவ கைய ஒடிக்கலன்னு எனக்குத் தெரியும். இது அந்தக் கடைக்குப் போனதுக்கு." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

செப்டம்பர் 12, வெள்ளி

மண்டலப் போட்டி. நானும் இல்லை, ஆவுடையும் இல்லை. முதல் சுற்றிலேயே தோற்றார்கள். ரெஜினா திரும்பி வந்து என் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதாள். பரவாயில்லை என்று சொன்னேன். பரவாயில்லை இல்லை. மூன்று வருடம் இதற்காகத்தான் மண்ணைத் தின்றேன்.

ஆவுடை இடது கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். சிந்துகிறாள். நாளை மறுநாள் ஞாயிறு. "அன்னைக்கு இங்க என்னக்கா செய்வாவ?" என்று கேட்டாள். ஒன்றும் செய்யமாட்டார்கள், பத்து மணி வரை தூங்குவார்கள் என்றேன். அவள் நம்பவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பத்து மணி வரை தூங்கினாள்.

நாளை அப்பா வருகிறார். நான் தூங்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

அப்பா காலை பஸ்ஸுக்கே வந்துவிட்டார். முதல்வரம்மா அறைக்கு வெளியே வராந்தாவில் நின்றோம். உள்ளே கூப்பிடும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றினார்.

முதல் அடி கன்னத்தில். இரண்டாவது எங்கே என்று தெரியவில்லை. ஊரே பயப்படுகிற இடது கார்னர் பிடிகாரி நான். மாநில அளவில் ஆடுகிறவளையும் கணுக்காலோடு சாய்த்தவள். என் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் முன்னால் அவை எப்போதும் அப்படித்தான். அதை இத்தனை நாள் இதில் எழுதவில்லை. எழுதினால் நானே படிக்க வேண்டியிருக்கும்.

"அடுத்த வீட்டுப் பிள்ள கைய ஒடிக்கவா ஒன்னப் படிக்க அனுப்பினேன்? செறுக்கி!"

அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். முதல்வரம்மா வாசலுக்கு வந்து, "சார், இங்க வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கண்டிங்க" என்றார். அவ்வளவுதான். பெற்றவர் அடிக்கிறார், அதில் யாருக்கு என்ன?

அடுத்த அடிக்குச் செருப்பு உயர்ந்தபோது எனக்கும் அவருக்கும் நடுவில் ஆவுடை வந்து நின்றாள். எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. தலையை மூடவில்லை, குனியவில்லை. மாவுக்கட்டுக் கையை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். செருப்பு அதன் மேல் விழுந்தது. அவளுக்கு வலித்திருக்கும். முகம் வெளிறியது.

"இன்னொன்னும் அடிங்க. எங்க அண்ணன் அடிச்ச எடந்தான் இது."

அப்பாவின் கை நின்றது.

"பேச்சிக்கா ஒடிக்கல. எங்க அண்ணன்தான் ஒடிச்சான். கதவிடுக்குல வச்சு." முதல்வரம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். இந்த முறை சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. "முதுகு, பிடரி, தோளு எல்லாம் அவன்தான். அவன் பின்னால நின்னதால அன்னைக்குப் பொய் சொன்னேன். அக்கா ஏன் ஆமான்னு சொன்னாவன்னு இப்பத்தான் தெரியுது. அக்காவுக்கும் பழக்கம்."

எழுத்தர் ஒருவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். எஸ்தர் மேடம் அணியோடு மைதானத்திலிருந்து ஓடிவந்து மூச்சு வாங்க நின்றார். "மேடம், போலீசுக்கு நீங்க போன் பண்ணுதீங்களா, நான் பண்ணட்டுமா?" என்று முதல்வரம்மாவைக் கேட்டார். முதல்வரம்மா என் கன்னத்தைப் பார்த்தார், அப்பாவின் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார், பிறகு உள்ளே போய்ப் போனை எடுத்தார்.

அப்பா செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார். எல்லோரும் தன்னைப் பார்ப்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இதற்கு முன் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. நான் உட்பட. "பெட்டிய எடு. கெளம்பு" என்றார், குரலைத் தாழ்த்தி.

நான் அழுதேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, என் அணி முழுவதும் பார்க்க அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

"வரல" என்றேன்.

இன்னொரு முறை சொன்னார். இன்னொரு முறையும் அதையே சொன்னேன். ஆவுடை நடுவிலிருந்து நகரவில்லை. அப்பா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தனியாகப் படியிறங்கிப் போனார்.